சொட்டுநீர் மானியம்: பணம் வேண்டாம், பட்டா வேண்டும்

தமிழ்நாட்டில் ஐந்து ஏக்கர் வரை நிலம் உள்ள சிறு, குறு விவசாயி, சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க 100 சதவீத மானியம் பெறலாம். மற்றவர்களுக்கு 75 சதவீதம். மத்திய அரசின் விதிப்படி இது முறையே 55, 45 சதவீதம்தான். மீதியை மாநில அரசு போடுகிறது.

நூறு சதவீதம் என்பது, இன்ன இடைவெளிக்கு இவ்வளவு செலவு என்று அரசு நிர்ணயித்த அலகுத் தொகைக்கு மட்டும். வரிசை இடைவெளி குறையக் குறையக் குழாய் அதிகம் பிடிக்கும்; தொகையும் அதற்கேற்ப மாறும். அதற்கு மேல் கேட்டு வாங்கும் எதுவும் உங்கள் செலவு. ஆகவே குழாய் அமைக்கும் நிறுவனம் தரும் விலைப்புள்ளியை வரி வரியாகப் படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

உழவன் செயலியிலோ, வட்டாரத் தோட்டக்கலை அல்லது வேளாண்மை அலுவலகத்திலோ பதியலாம். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று ஆகியவை தேவை. சிக்கல் பெரும்பாலும் பட்டாவில்தான். தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டாவை வைத்துக்கொண்டு பேரன் விண்ணப்பிக்க முடியாது. முதலில் வாரிசுச் சான்றோடு பெயர் மாற்ற வேண்டும். குத்தகைக்காரர் நிலை இன்னும் மோசம். குறைந்தது ஏழு ஆண்டு ஒப்பந்தம் கேட்கிறார்கள். வாய்ச்சொல்லில் ஆண்டுக்கு ஆண்டு குத்தகை எடுப்பவருக்கு அதை யார் எழுதித் தருவார்? தண்ணீரும் கூலியும் மிச்சமாக வேண்டியவர் முதலில் அவர்தான். திட்டம் அவரைத் தாண்டிப் போய்விடுகிறது. நில உரிமையாளரே தம் பெயரில் விண்ணப்பித்தால்தான் அந்த வயலுக்குக் குழாய் வரும்.

கிணறோ மோட்டாரோ இல்லாதவர்களுக்குத் துணைத் திட்டம் ஒன்று உண்டு. நிலத்தடி நீர் அளவு பாதுகாப்பாக உள்ள குறுவட்டங்களில் (பல ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி, பிர்கா) குழாய்க்கிணறுக்கு 25,000 ரூபாய் வரையும், மோட்டாருக்கு 15,000 ரூபாய் வரையும், தரைமட்டத் தொட்டிக்கு 75,000 ரூபாய் வரையும் மானியம் தருகிறார்கள். சொட்டுநீர் அமைப்பவருக்கே இது பொருந்தும்.

ஒருமுறை மானியம் வாங்கிய நிலத்துக்கு மறுமுறை கிடைக்க ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை குழாய் உழைக்க வேண்டுமே! உப்புத் தண்ணீர் என்றால் சில மாதங்களிலேயே சொட்டுவானின் (குழாயில் நீர் சொட்டும் துளை) வாயில் வெள்ளையாகப் படிந்துவிடும். வரிசையில் நாலு செடி வாடிய பிறகு கவனித்துப் பயனில்லை. வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள்; பக்கவாட்டுக் குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து, கலங்கல் போய்த் தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள்.