கோடுகளுக்கிடையே கோணம்: கொழும்பில் சரி, லண்டனில் பிழை

பம்பலப்பிட்டிச் சந்தியில் காலி வீதியோடு பௌத்தாலோக மாவத்தை வந்து சேர்கிறது. இரண்டு வீதிகளுக்கும் இடையிலுள்ள கோணத்தைக் கணித்து, "இடப்பக்கம் திரும்புங்கள்" என்று சாரதிக்குச் சொல்லும் நிரலை நாங்கள் முதலில் சோதித்தது இந்தச் சந்தியில்தான்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எழுதும் நிரலில், உயர்தர இணைந்த கணிதத்தில் படித்த படித்திறன் (வை வித்தியாசத்தை எக்ஸ் வித்தியாசத்தால் வகுத்து வரும் சரிவு) சூத்திரத்தைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். பரீட்சைத் தாளில் அது சரி. ஆனால் காலி வீதி ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுகிறது. இரண்டு புள்ளிகளின் நெட்டாங்கும் ஒன்றாக வந்துவிட்டால், பூச்சியத்தால் வகுக்க நேரும். பைத்தான் அங்கேயே பிழை சொல்லி நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் நிற்காது, எண்ணே அல்லாத ஒரு விடையைக் கையில் தந்துவிட்டு மேலே ஓடும். எனக்கு இரண்டாவதுதான் பயம்.

கோசைனைத் திருப்பிப் போடும் வழியிலும், அதாவது கோசைன் பெறுமானத்திலிருந்து கோணத்தைக் காண்பதிலும், ஒரு பொறி உண்டு. இரண்டு கோடுகளும் ஒரே திசையில் போனால், தசமப் பிழையால் 1 வரவேண்டிய இடத்தில் 1.0000000000000002 வரலாம். கோசைன் 1ஐத் தாண்டாது என்பதால் அதற்குக் கோணமே கிடையாது.

ஆகவே ஒவ்வொரு கோட்டையும் காவியாக (நீளமும் திசையும் உள்ள அம்பாக) எடுங்கள். குறுக்குப் பெருக்கத்தை (எக்ஸ்1×வை2 − வை1×எக்ஸ்2) முதலாவதாகவும் புள்ளிப் பெருக்கத்தை (எக்ஸ்1×எக்ஸ்2 + வை1×வை2) இரண்டாவதாகவும், இரண்டு எண்களிலிருந்து கோணத்தைத் தரும் ஏட்டான்2 (atan2) ஃபங்க்ஷனுக்குக் கொடுங்கள். செங்குத்துக் கோடு, ஒரே திசைக் கோடு எல்லாவற்றுக்கும் விடை வரும். இடமா வலமா என்பதையும் அதன் குறி சொல்லிவிடும். எக்செலில் மட்டும் கவனம்: அங்கே ஏட்டான்2 இரண்டு எண்களையும் மாற்றி, எக்ஸை, அதாவது இங்கே புள்ளிப் பெருக்கத்தை, முதலில் கேட்கும்.

இவ்வளவும் செய்துதான் லண்டன் வாடிக்கையாளர் ஒருவருக்கு நிரலை அனுப்பினோம். அங்கே வரைபடத்தில் நாங்கள் வரைந்த அம்புக்குறி வீதியோடு ஒட்டவில்லை. கணக்கு 45 பாகை என்றது. படத்தில் வீதி கிழக்கிலிருந்து 58 பாகை சரிந்திருந்தது. இணைய வரைபடங்கள் பெரும்பாலும் மேர்கேட்டர் எறியத்தில் (உருண்டையான பூமியைத் தட்டையாக வரையும் ஒரு முறையில்) வரைபவை. 1569இல் வந்த அந்த எறியம் கோணத்தைக் கெடுக்காது. படம் சரி, பிழை எங்களுடையது.

அகலாங்கையும் நெட்டாங்கையும் சாதாரண எக்ஸ், வையாக எடுத்திருந்தோம். கொழும்பு பூமத்திய கோட்டிலிருந்து 7 பாகைக்குள் இருப்பதால், இங்கே ஒரு பாகை நெட்டாங்கும் ஒரு பாகை அகலாங்கும் ஏறத்தாழ ஒரே நீளம். லண்டனில் ஒரு பாகை அகலாங்கு சுமார் 111 கிலோமீற்றர், நெட்டாங்கோ 69 கிலோமீற்றர்தான். பம்பலப்பிட்டியில் எத்தனை முறை சோதித்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது. வரைபடம் என்றில்லை, இரண்டு அச்சுக்கும் வேறு வேறு அளவு உள்ள எந்தப் படத்திலும் இதே கதைதான்.

திருத்தம் ஒரே வரி: நெட்டாங்கு வித்தியாசத்தை அந்த இடத்து அகலாங்கின் கோசைனால் பெருக்க வேண்டும். லண்டனுக்கு அது சுமார் 0.62. அப்புறம், கோசைன் ஃபங்க்ஷன் கோணத்தைப் பாகையில் அல்ல, ரேடியன் என்ற வேறோர் அலகில்தான் கேட்கும். 51.5ஐ அப்படியே கொடுத்தால் 0.33 என்று சத்தமில்லாமல் பதில் தரும். பார்க்க நம்பத்தக்க எண்ணாகவே இருக்கும். அந்த வரியை எழுதியதும் 0.62 வருகிறதா என்று ஒரு தடவை அச்சிட்டுப் பாருங்கள்.