வயலில் மேவிய வெள்ள மண்: 3 அங்குல விதியில் ஏமாறாதீர்கள்

2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டபோது ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து வயல்களில் மணலும் வண்டலும் மேவிக் கிடந்தன. பயிர் போனால் நிவாரணம் உண்டென்று எல்லோருக்கும் தெரியும். மேவிய மண்ணை அள்ளவும் பணம் உண்டு. அதை எந்த அலுவலகமும் தானாக வந்து சொல்லாது.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிப்படி ஹெக்டேருக்கு 18,000 ரூபாய், ஏக்கருக்கு ஏறக்குறைய 7,300. இரண்டு ஹெக்டேருக்குள் (ஏறக்குறைய ஐந்து ஏக்கர்) நிலமுள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும். படிந்த மண் 3 அங்குலத்துக்கு மேல் இருப்பதாக அதிகாரி சான்று தர வேண்டும்.

வம்பே இந்த 3 அங்குலம்தான். ஈரத்தில் நாலு அங்குலம் நிற்கும் வண்டல், நாலு வெயில் பட்டால் சுருங்கி வெடிக்கும். அளக்க ஆள் வருவது அதற்கப்புறம். தண்ணீர் வடிந்த உடனே, பழைய மண்ணின் நிறம் தெரியும்வரை குழி தோண்டி, உள்ளே ஸ்கேலை நிறுத்திப் படம் எடுங்கள். உடைப்பெடுத்த பக்கம் கனமாகவும் கடைக்கோடியில் மெலிசாகவும் படிந்திருக்கும் என்பதால் நாலைந்து இடத்தில் தோண்டுங்கள். படத்தில் சர்வே கல்லோ மின்கம்பமோ தெரியட்டும்.

அளக்கிற ஆட்கள் வருமுன் முழு வயலையும் உழுதுவிடாதீர்கள். உழுத வயலைப் பார்த்து "எங்கே மண்?" என்பார்கள். பட்டம் தப்புகிறதே என்றால், மனு கொடுத்துவிட்டு ஒரு பட்டையை மட்டும் தொடாமல் விட்டு மற்றதை உழுங்கள்.

அடுத்த கண்ணி கூட்டுப் பட்டா. அண்ணன் தம்பி மூவர் பெயரில் ஆறு ஏக்கர் இருந்தால், மூவரையும் 'பெரிய விவசாயி' ஆக்கிவிடுவார்கள். பாகப்பிரிவினைப் பத்திர நகலையும் உங்கள் பங்கைக் காட்டும் அடங்கலையும் (சாகுபடிப் பதிவு) மனுவோடு சேருங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றும் வேண்டும்.

வி.ஏ.ஓ.வைக் கேட்டால் வேளாண்மைத் துறையைக் கை காட்டுவார்; அங்கே போனால் "வருவாய்த் துறைதான்" என்பார்கள். ஒரே மனுவை இரண்டு இடத்திலும் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பயிர்ச் சேதமும் மண் அகற்றலும் விதியில் தனித்தனித் தலைப்பு. ஒரே தாளில் கலந்து எழுதினால் பயிரை மட்டும் எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். "கணக்கெடுப்பு முடிஞ்சு போச்சு" என்று வாயால் சொன்னால் நம்பித் திரும்பாதீர்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள், மனு எண் கிடைக்கும்.

3 அங்குலத்துக்குக் கீழே படிந்திருந்தால் மண் அள்ள ஒரு பைசா கிடையாது. அங்குலக் கணக்கு விதைக்குத் தெரியாதே! தேங்கிய நீரில் மண்கட்டி கரைந்து, நுண்களி துளைகளை அடைத்து, காய்ந்ததும் பொருக்குத் தட்டிவிடும். தொளி அடித்த (சேறாகக் கலக்கி உழுத) நெல் வயலில் மண்ணின் கட்டமைப்பு ஏற்கெனவே குலைந்திருப்பதால் இன்னும் மோசம். அதில் உளுந்து விதைத்தால் முளை மேலே வர முடியாமல் பொருக்குக்கு அடியிலேயே மடங்கிக் கிடக்கும். இந்தச் சேதத்துக்குப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

அந்த வயலைச் சேறாக இருக்கும்போது டிராக்டர் இறக்கி மிதிக்காதீர்கள், இன்னும் இறுகும். பதம் வந்ததும் உழுது, ஹெக்டேருக்கு 2 டன் ஜிப்சம் தூவி மறுபடி உழுங்கள். தொழு உரம் என்றால் 10 டன், மட்கிய தென்னை நார்க்கழிவு என்றால் 12.5 டன் இடுங்கள். ஜிப்சம் மானியத்தில் வந்திருக்கிறதா என்று வேளாண் விரிவாக்க மையத்தில் முதலிலேயே கேளுங்கள். இருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும்.