பிறப்பு குறைந்தும் தலை எண்ணிக்கை ஏன் ஏறுகிறது?

"குழந்தைகளே பிறப்பதில்லை என்கிறீர்கள். ஆனால் 2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டுவிட்டது என்றும் எழுதுகிறீர்கள். எது பொய்?" என்று ஒரு வாசகர் கோபமாகக் கேட்டிருந்தார். இரண்டும் உண்மைதான்.

தென்கொரியாவைப் பாருங்கள். மக்கள்தொகை ஏறாமல் இறங்காமல் நிற்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் வேண்டும். கொரியா 1983லேயே அதற்குக் கீழே போய்விட்டது. அப்போது அங்கே சுமார் 4 கோடிப் பேர். 2020இல் ஏறத்தாழ 5.18 கோடி!

எப்படி? கொஞ்சம் புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் அடுக்குங்கள். ஒரு கொட்டை நூறு பேர். தாத்தா பாட்டி வரிசைக்கு 1, அப்பா அம்மாவுக்கு 2, பிள்ளைகளுக்கு 4. மொத்தம் 7. இன்றுமுதல் ஒரு தம்பதிக்கு இரண்டே பிள்ளை. ஒரு தலைமுறை கழிகிறது: மேலே இருந்த 1 போய்விட்டது. பெற்றுக்கொள்ளும் வயதில் இப்போது 4 இருப்பதால் கீழே புதிதாக 4 வருகிறது. 2, 4, 4. மொத்தம் 10. அடுத்த தலைமுறையில் 4, 4, 4. மொத்தம் 12. அப்புறம்தான் நிற்கிறது. யாரும் மூன்றாவது பிள்ளை பெறவில்லை. ஏற்கெனவே பிறந்தவர்கள் வளர்ந்தார்கள், அவ்வளவுதான். இதற்கு மக்கள்தொகை உந்தம் என்று பெயர்.

சரி, வரிசையைத் தலைகீழாக்குங்கள்: 4, 2, 1. இப்போது எல்லோரும் மனம் மாறி இரண்டிரண்டு பெற்றாலும் 2, 1, 1 ஆகும். அடுத்து 1, 1, 1. ஏழு மூன்றாகிவிடுகிறது. 2023இல் கொரியாவின் சராசரி 0.72. எனக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான்.

கொரிய அரசு பிறப்பைக் குறைக்கும் கொள்கையை 1996இல்தான் கைவிட்டது. மொத்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்ததால் அவசரம் தெரியவில்லை. இப்போது பணத்தைக் கொட்டியும் பெரிதாக அசையவில்லை. அங்கே கல்யாணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு. கல்யாணமே தள்ளிப்போகும்போது, தொட்டிலுக்கு மானியம் கொடுத்து என்ன பயன்? "போதும்" என்று வீட்டுக்குள் வந்து சொன்ன அரசு, இன்று "பெறுங்கள்" என்றால் யார் கேட்பார்கள்?

இந்தியாவில் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தச் சராசரி 2.0. நம் தரையில் இப்போது கிட்டத்தட்ட 2, 4, 4.