பொதி: 'பேக்கேஜ்' என்ற சொல்லும் அது பழுதாகும் விதமும்

ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் கரண்ட் போவதை யாரும் சேதியாகச் சொல்வதில்லை. ஆனால் கணினியில் மேம்படுத்தல் பாதி ஓடும்போது போனால் கதை வேறு. யு.பி.எஸ். இல்லாத மேசைக்கணினி மறுபடி எழுந்ததும், அதில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம், உபுண்டுவோ டெபியனோ, 'புரோக்கன் பேக்கேஜஸ்' என்று புலம்பத் தொடங்கும். ஒரு மென்பொருளை நிறுவ வேண்டிய கோப்புகளை ஒன்றாகக் கட்டிய மூட்டைதான் இந்த 'பேக்கேஜ்'. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான்; அதற்கும் இதே புலம்பல் உண்டு.

'பேக்' என்பது நெதர்லாந்துப் பக்கத்துக் கம்பளி வணிகத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். கட்டிய மூட்டை என்று பொருள். அந்த டச்சுக்காரர்கள்தான் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் தேவனாம்பட்டினத்துக்கு வந்து துணி வாங்கிக் கப்பலேற்றினார்கள். பால் 'பாக்கெட்'டும் இதே குடும்பம். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களைக் கேட்டால், கணினி 'பேக்கேஜ்' அம்மொழியில் 'பக்கே' என்பார்கள்.

தமிழில் இதற்கு 'தொகுப்பு' என்று எழுதுவோர் உண்டு. தொகுப்பு என்றால் கவிதைத் தொகுப்பும் ஆகும், செய்தித் தொகுப்பும் ஆகும். கட்டி மூடியது என்ற குறிப்பு அதில் இல்லை. 'சிப்பம்' அரிசிக் கடையில் எடையோடு ஒட்டிக்கொண்டது. 'பொட்டலம்' சிறியது; வலையமைப்பில் பாயும் தரவுத் துண்டுக்கு அதை விட்டுவிடலாம். என் ஓட்டு 'பொதி'க்குத்தான்.

பொதிதல் என்றால் உள்ளே வைத்து மூடுதல், நிறைந்திருத்தல். பொதிமாடு, பொருள் பொதிந்த பேச்சு எல்லாம் இதன் வழி. பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவாமூரில் பிறந்த அப்பர், திருப்பைஞ்ஞீலிக்குப் போகும் வழியில் பசியால் வாடியபோது சிவபெருமான் அந்தணராக வந்து கொடுத்தது பொதிசோறு என்கிறது பெரியபுராணம். பயணத்துக்கு வேண்டியதைக் கட்டிக் கையில் கொடுப்பது. மென்பொருள் பொதியும் அதைத்தான் செய்கிறது.

1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனின் 'டெப்' என்ற பொதிக் கோப்புக்குள் மூன்று உருப்படிகள் இருக்கும். வடிவத்தின் எண்ணைச் சொல்லும் சிறு கோப்பு ஒன்று. நிரலின் கோப்புகள் இன்னொன்று. மூன்றாவதில்தான் வம்பு: இந்தப் பொதி வேறு எந்தப் பொதிகளைச் சார்ந்தது, நிறுவிய பின் எந்தக் கட்டளைகளை ஓட்ட வேண்டும் என்ற விவரம். 'டிபெண்டென்சி'க்குச் 'சார்பு' என்ற சொல் நன்றாகவே நிலைத்துவிட்டது.

நிறுவல் இரண்டு கட்டம். முதலில் பொதியை அவிழ்க்கும், பிறகு அமைக்கும். இடையில் கரண்ட் போனால் பொதி அவிழ்ந்தபடி அமையாமல் கிடக்கும். அதைச் சார்ந்தவையும் கூடவே தேங்கும். எதுவும் உடையவில்லை என்பதால் 'உடைந்த பொதி' என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒப்பாது. அமைப்பு பாதியில் நின்றால் 'அரைகுறைப் பொதி', தேவையான துணைப்பொதி கிடைக்காவிட்டால் 'சார்பு அறுந்த பொதி' என்று பிரித்துச் சொன்னால் வைத்தியமும் தெரிந்துவிடும்.

அரைகுறைக்கு, நிர்வாகி உரிமையோடு 'டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' என்ற கட்டளை. நின்றுபோன பொதிகளை எல்லாம் அமைக்கப் பார்க்கும். சார்பு அறுந்ததற்கு 'ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. விடுபட்டதை இறக்கிச் சேர்க்கும், சில நேரம் எதையாவது நீக்கவும் கேட்கும். அது காட்டும் நீக்கப் பட்டியலைப் படிக்காமல் சரி என்று தட்டாதீர்கள்.

'லாக்' (பூட்டு) இருக்கிறது என்று கணினி சொன்னால் பூட்டுக் கோப்பை உடனே அழிக்கச் சொல்லும் அறிவுரை ஊரெல்லாம் உலவுகிறது. பின்னணியில் தானியங்கி மேம்படுத்தல் ஓடிக்கொண்டிருக்கலாம். முதலில் அது முடியட்டும். எந்தப் பொதி எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்துவைக்கும் 'ஸ்டேட்டஸ்' கோப்பே சிதைந்திருந்தால், அதே அடைவில் (கோப்புறையில்) 'ஸ்டேட்டஸ்-ஓல்டு' என்ற முந்தைய நகல் இருக்கும். அதுவும் கெட்டிருந்தால் 'வார்' அடைவுக்குள் 'பேக்கப்ஸ்' என்ற இடத்தில் இன்னும் பழைய நகல்களைத் தேடலாம்.