பற்றிஸ் இருக்க இறைச்சி வடை எதற்கு?

ஜமைக்காக்காரர்கள் பேட்டி (patty) என்று சொல்லும், மாவுக்குள் இறைச்சி வைத்து மூடிச் சுட்ட தின்பண்டத்தைத் தமிழில் 'இறைச்சி வடை' என்று எழுதுவதை இதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து வந்தேன். பயணக் கட்டுரைகளில் வந்தது, வசன வரிகளில் வந்தது, சமையல் குறிப்புகளிலும் வந்தது. இப்போது மொழிபெயர்ப்புக் கதை ஒன்றிலும் வந்துவிட்டது. ஒருவன் வடையைக் கடிக்கிறான், உள்ளேயிருந்து சூடாக மசாலா வழிந்து அவன் சட்டையில் கொட்டுகிறது. வடைக்குள் மசாலா எப்படிப் போயிற்று என்று மொழிபெயர்த்தவரும் யோசிக்கவில்லை, மெய்ப்புப் பார்த்தவரும் யோசிக்கவில்லை.

தவறு எங்கே நடக்கிறது என்பது தெரிந்ததுதான். பேட்டி என்றதும் பர்கருக்கு நடுவில் வைக்கும் வட்டமான கொத்திறைச்சித் தட்டை நினைவுக்கு வருகிறது. வட்டமாக, தட்டையாக இருந்தால் நமக்கு வடை. விஷயம் முடிந்தது.

முடியவில்லை. பிற்கால லத்தீனில் 'பாஸ்டா' என்றால் பிசைந்த மாவு. அதிலிருந்து பழைய பிரெஞ்சில் 'பாஸ்தே', அதாவது மாவுக்குள் இறைச்சியோ மீனோ வைத்து மூடிச் சுட்டது. ஆங்கிலம் இந்தச் சொல்லை இரண்டு முறை கடன் வாங்கியது. இடைக்காலத்தில் வாங்கியது 'பேஸ்டி' ஆயிற்று. பிரெஞ்சில் நடுவிலிருந்த ஸகரம் தேய்ந்து 'பாத்தே' ஆன பிறகு வாங்கியது 'பேட்டி' ஆயிற்று. ஆக, பேட்டியின் முதல் பொருளே மாவால் மூடிய சிறு பண்டம்தான். மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே இருந்ததை மட்டும் பேட்டி என்பது பின்னால் வந்த அமெரிக்க வழக்கு. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பின்னால் வந்ததைப் பிடித்துக்கொண்டு முன்னால் இருந்ததற்கு அதைப் போர்த்துகிறார்கள்.

இதே குழப்பத்தைக் கனடா அரசே ஒருமுறை செய்து வாங்கிக் கட்டிக்கொண்டது. 1985 பிப்ரவரியில் டொராண்டோவில் ஜமைக்கன் பேக்கரிகளுக்கு அதிகாரிகள் வந்தார்கள். மாட்டிறைச்சிப் பேட்டி என்ற பெயரில் இதை விற்கக் கூடாது என்றார்கள். இறைச்சி, உப்பு, மசாலா இவை மட்டும் இருந்தால்தான் சட்டப்படி அது பேட்டி, உங்களுடையதில் மாவு மேலோடு இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். கடைக்காரர்கள் பெயரை மாற்ற மறுத்தார்கள். பத்திரிகைகள் 'பேட்டிப் போர்' என்று எழுதின. கடைசியில் 'ஜமைக்கன் பேட்டி' என்று அடைமொழியோடு விற்கலாம் என்று சமரசம் ஆனது. இன்றைக்கும் பிப்ரவரி 23 அங்கே ஜமைக்கன் பேட்டி நாள். அதிகாரிகள் அன்று சட்டப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னதைத்தான் நம்மவர்கள் இன்று அகராதியைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

ஜமைக்கன் பேட்டியைப் பார்த்தவர் யாரும் அதை வடை என்று சொல்ல மாட்டார். மேலோடு நல்ல மஞ்சள். மாவில் கொழுப்பும் மஞ்சளோ கறித்தூளோ சேர்த்துப் பிசைந்து, திரட்டி, நடுவில் பூரணத்தை வைத்து அரைவட்டமாக மடித்து, விளிம்பை முள்கரண்டியால் அழுத்தி அடுப்பில் சுடுகிறார்கள். பூரணம் கொத்திய மாட்டிறைச்சி. அதோடு வெங்காயத்தாள், தைம் இலை, ஸ்காட்ச் பானெட் என்கிற அந்த ஊர் மிளகாய். ரொட்டித்தூள் போட்டுக் கொஞ்சம் கெட்டிப்படுத்துவார்கள். கடித்தால் மேலோடு பொரிப்பொரியாக உதிரும், உள்ளே ஈரம் இருக்கும். மாவை மடிக்கும் வேலை பிரிட்டனிலிருந்து போனது. மஞ்சளும் கறித்தூளும் 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்களோடு போனவை. மிளகாய் அந்த மண்ணுக்கே உரியது.

சரி, வடை வேண்டாம், 'பேட்டி' என்றே எழுதிவிடலாமே என்பார்கள். எழுதிப் பாருங்கள். 'ஜமைக்கா பேட்டி சூடாக இருந்தது' என்றால் வாசகர் அரசியல் செய்தி என்று நினைப்பார். 'பேஸ்ட்ரி' என்றால் இன்னும் மோசம். தமிழ்நாட்டு பேக்கரியில் பேஸ்ட்ரி என்றால் கிரீம் தடவிய கேக் துண்டு. இறைச்சிப் பேஸ்ட்ரி என்று படிக்கிறவருக்கு செர்ரிப் பழத்துக்கு அடியில் ஆட்டுக்கறி இருப்பதாகத்தான் தோன்றும். ஆஸ்திரேலியர்களின் 'மீட் பை' இருக்கிறதே, அதை 'இறைச்சிப் பை' என்று எழுதுகிற கூட்டமும் உண்டு. இரைப்பைக்கும் அதற்கும் ஓர் எழுத்துக் கூட்டம்தான் இடைவெளி.

இனி கொழுக்கட்டைக்கு வருவோம். வடைக்காரர்களையாவது திருத்திவிடலாம். 'இறைச்சிக் கொழுக்கட்டை'க்காரர்கள் யோசித்து முடிவெடுத்தவர்கள், அவர்களோடு மல்லுக்கட்டுவது கடினம். அர்ஜென்டினாக்காரர்களின் எம்பனாடாவா, இறைச்சிக் கொழுக்கட்டை. ரஷ்யர்களின் பிரோஷ்கியா, இறைச்சிக் கொழுக்கட்டை. இங்கிலாந்தின் கார்ன்வால் பேஸ்டியா, அதுவும் இறைச்சிக் கொழுக்கட்டை. உலகமே பிள்ளையார் சதுர்த்தி கொண்டாடுவது போல ஒரு தோற்றம்.

அவர்கள் பக்கம் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. வடிவம் ஒத்துப்போகிறது. யாழ்ப்பாணத்தில் குழந்தைக்குப் பல் முளைக்கும்போது அவிக்கிற பல்லுக்கொழுக்கட்டை அரைவட்டம்தான், விளிம்பில் பல் பல்லாக மடிப்பும் உண்டு. அர்ஜென்டினாவில் எம்பனாடாவின் விளிம்பை முறுக்கி மடிக்கிற விதத்துக்கு 'ரெபுல்கே' என்று தனிப்பெயரே இருக்கிறது. பூரணத்துக்குப் பூரணம் மடிப்பு மாறும். கோழியா மாட்டிறைச்சியா என்று கடிக்காமலே தெரிந்துகொள்ளலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் ஒன்றுவிட்ட சகோதரிகள் என்றே சொல்லலாம்.

ஆனால் கொழுக்கட்டை என்ற பெயர் வடிவத்தால் வந்து நிற்பதா? பிடி கொழுக்கட்டைக்கு என்ன வடிவம்? விரல் அச்சுதான். அம்மணிக் கொழுக்கட்டை சின்ன உருண்டை. பால் கொழுக்கட்டைக்குப் பூரணமே கிடையாது. இவை எல்லாவற்றையும் கொழுக்கட்டை என்கிறோம், ஏனென்றால் எல்லாம் மாவைப் பிடித்து ஆவியிலோ கொதிக்கிற பாலிலோ வேகவைத்தவை. பெரும்பாலும் அரிசி மாவு, வெந்நீர் விட்டுக் கிளறியது. எண்ணெயில் போட்டால் அது வேறு பண்டம், பெயரும் வேறு. கோதுமை மாவில் வெண்ணெயோ கொழுப்போ பிசைந்து சுட்டதற்கும் இதற்கும் வாயில் ஒட்டுறவே இல்லை. ஒன்று மொறுமொறு, மற்றது மெத்து. சாப்பாட்டுக்குப் பெயர் வைக்கும்போது கண்ணைவிட நாக்கின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இறைச்சிக் கொழுக்கட்டை என்ற சொல்லை எம்பனாடாவுக்குக் கொடுத்துவிட்டால் மோமோவுக்கு எதைக் கொடுப்பீர்கள்? மோமோதான் அசல் இறைச்சிக் கொழுக்கட்டை. ஆவியில் வேகிறது, மெத்தென்று இருக்கிறது, மாவு கோதுமை என்பது ஒன்றுதான் வித்தியாசம். சீனர்களின் ஜியாவ்சியையும் ஆவியில் வேகவைப்பதுண்டு. அவற்றுக்குப் பொருத்தமாக இருக்கிற ஒரே சொல்லைத் தூக்கி அடுப்பில் சுட்ட பண்டத்துக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் மோமோவுக்கு 'ஆவியில் வேகவைத்த இறைச்சிக் கொழுக்கட்டை' என்று எழுத வேண்டியது. பூரணம் வைத்த கொழுக்கட்டையை ஆவியில் வேகவைக்காமல் வேறெப்படிச் செய்வதாம்?

சோமாஸ் என்று சொல்லிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். செய்முறையில் இதுதான் மிக அருகில் வருகிறது: கோதுமையோ மைதாவோ, அரைவட்டம், விளிம்பைச் சக்கரக் கரண்டியால் வெட்டுவது, எண்ணெயில் பொரிப்பது. ஆனால் சோமாஸ் என்றதும் தேங்காயும் பொட்டுக்கடலையும் சர்க்கரையும் தீபாவளியும் சேர்ந்தே வந்துவிடும். கறிச் சோமாஸ் என்பதற்கு வாசகர் முகம் சுளிப்பார், குறை சொல்ல முடியாது. சமோசா வேறு வம்சம். பாரசீகத்திலிருந்து புறப்பட்டு 14ஆம் நூற்றாண்டிலேயே தில்லி விருந்துகளில் கொத்திறைச்சியும் பாதாமும் பிஸ்தாவும் அடைத்து நெய்யில் பொரித்துப் பரிமாறப்பட்டதை இப்னு பதூதா எழுதியிருக்கிறார். அதற்கு அதன் பெயர் இருக்கட்டும். நம் பேக்கரி பப்ஸ் அடுக்கடுக்கான மாவு, ஊதிப் பெருத்தது, அதுவும் வேறு.

தனித்தமிழ் அன்பர்கள் 'ஊன்பொதி' என்கிறார்கள். சங்கப் பாடலில் ஊன்சோறு வருகிறதே, ஊன்பொதி வரக் கூடாதா என்று கேட்கிறார்கள். வரலாம். ஆனால் ஊன் என்ற சொல் இன்று சாப்பாட்டுத் தட்டில் இல்லை, தேவாரத்திலும் தத்துவத்திலும் இருக்கிறது. பொதி கழுதை முதுகில் இருக்கிறது. கதையில் ஒரு சிறுவன் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து 'அம்மா, ஊன்பொதி இருக்கிறதா?' என்று கேட்டால் அம்மாவுக்கே புரியாது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதைதான் இது. ஈழத்தில் இதற்குச் சொல் இருக்கிறது: பற்றிஸ். கோதுமை மாவில் மாஜரின் பிசைந்து, மெல்லியதாகத் திரட்டி, வட்டமாக வெட்டி, உருளைக்கிழங்கோடு மீனோ இறைச்சியோ வதக்கிய கறியை வைத்து, மடித்து, முள்ளுக்கரண்டியால் விளிம்பை அழுத்திப் பொரிப்பார்கள். நன்றாக வந்த பற்றிஸின் மேலோட்டில் சின்னச் சின்னக் கொப்புளம் இருக்கும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் எல்லாம் ஒரே தட்டில் மேசைக்கு வந்துவிடும், தின்றதற்கு மட்டும் காசு. பிறந்தநாள் வீட்டில் பற்றிஸ் இல்லையென்றால் பேச்சு வரும். கடையிலும் வீட்டிலும் புழங்கித் தேய்ந்து மெருகேறிய சொல்.

அதுவும் அந்த 'பேட்டி'யின் பன்மைதானே, ஆங்கிலம்தானே என்று கேட்பார்கள். ஆமாம். அதனாலேயே இது மிகச் சரியான சொல். ஜமைக்கன் பேட்டிக்குக் கூடப்பிறந்தது, பொருளும் மாறவில்லை. மாவு மூடியது என்ற பழைய பொருளை அமெரிக்கா கைவிட்ட பிறகும் யாழ்ப்பாணம் கைவிடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் தொலைத்த ஸகரம் வேறு வழியாக வந்து தமிழில் கடைசியில் ஒட்டிக்கொண்டது என்று வேடிக்கையாகவும் சொல்லலாம். சாவி, அலமாரி, மேசை எல்லாம் போர்ச்சுகீசியர் கொடுத்தவை. அவற்றை நாம் திருப்பிக் கொடுத்துவிட்டோமா?

தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பற்றிஸ் என்று கண்டால் 'பற்றி' என்று திருத்திவிடுவார்கள் என்பது ஒரு பயம். ஈழத்து எழுத்தில் ஆங்கிலத்தின் டகர ஒலிக்கு ற்ற போடுவது வழக்கம், பற்றரி என்பது போல. 'பேட்டிஸ்' என்று இங்கே எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, நேர்காணல் தொல்லை அதோடு ஒழியும். ஆனால் இருக்கிற எழுத்தையே எடுத்துக்கொண்டால் இரு கரையிலும் ஒரே சொல்லாக இருக்கும். மலேசியத் தமிழரின் கறிபாப்பையும் இதன் பக்கத்திலேயே வைக்கலாம். நம் 'கறி' ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் போய் 'கறிபாப்'பாகத் திரும்பியிருக்கிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஈழத்தில் கறி என்றால் மரக்கறியும் கறிதான், தமிழ்நாட்டில் கறி என்றால் இறைச்சி. ஆகவே கறிப் பற்றிஸ் என்று எழுதாமல் இறைச்சிப் பற்றிஸ், மீன் பற்றிஸ் என்று தெளிவாக எழுதுவது நல்லது.

இதனால் எம்பனாடாவை எம்பனாடா என்று சொல்லக் கூடாது என்பதில்லை. ஊர்ப் பெயரும் பண்டப் பெயரும் அப்படியே இருக்கட்டும். ஸ்பானிய மொழியில் ரொட்டிக்குள் பொதிந்தது என்று பொருள்படும் அழகான சொல் அது. சிலியில் செப்டம்பர் 18 தேசிய விழாவுக்கு மாட்டிறைச்சி, வெங்காயம், அவித்த முட்டை, ஆலிவ், உலர்திராட்சை வைத்துச் செய்வார்கள். முதல் முறை வரும்போது 'எம்பனாடா என்ற பற்றிஸ்' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். பிறகு எம்பனாடா என்றே போகலாம். கார்ன்வால் பேஸ்டிக்கும் அப்படித்தான். அது கையகலப் பற்றிஸ், மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் பச்சையாகவே உள்ளே போய் மாவோடு சேர்ந்து வேகும். 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளிச் சுரங்கத்துக்குப் போன கார்ன்வால் தொழிலாளர்கள் மெக்சிகோவின் இதால்கோ மாநிலத்தில் அதை விட்டுவிட்டு வந்தார்கள். அங்கே அதன் பெயர் 'பாஸ்தே', உள்ளே மிளகாயும் உண்டு. அவர்கள் அதற்குப் புதுச்சொல் தேடி அகராதி புரட்டவில்லை.

எனக்கு எரிச்சல் தருவது தவறான சொல்லைவிட, சொல்லே இல்லாமல் விளக்கத்தை எழுதுவது. 'மாவினுள் மசாலா இறைச்சி வைத்துச் சுடப்பட்ட ஒரு வகைத் தின்பண்டம்' என்று எழுதுகிறார்கள். அகராதியில் இருக்கலாம். பசியோடு கடை வாசலில் நிற்கிற ஒருவனின் வாயில் இதை வைத்தால் அவன் கேட்டு முடிப்பதற்குள் கடை மூடிவிடும். ஒருவகை, ஒருவித, சுடப்பட்ட, பொரிக்கப்பட்ட: இந்தப் 'பட்ட'க்களை எடுத்துவிட்டாலே நம் மொழிபெயர்ப்பு நூல்கள் பத்துப் பக்கம் இளைக்கும்.

பன்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பற்றிஸ்கள் வேண்டாம். இட்லி கேட்கும்போது இரண்டு இட்லி என்றுதானே கேட்கிறோம், இரண்டு பற்றிஸ் என்றே எழுதலாம்.