சைபர்: சுழியமா, மறையெழுத்தா?

தமிழில் சைபர் என்று எழுதினால் அது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். கணக்குப் பரீட்சையில் வாங்கும் சைபர் ஒன்று. காவல்துறையின் சைபர் கிரைம் பிரிவில் வரும் சைபர் இன்னொன்று. ஓர் அரசு தன் தூதருக்கு அனுப்பும் கடிதத்தை, வழியில் பிரித்துப் பார்ப்பவனுக்கு விளங்காதபடி எழுதும் முறைக்கும் சைபர் என்றே பெயர். முதலாவதும் மூன்றாவதும் ஒரே சொல். நடுவில் இருப்பதற்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்த நடுச்சொல்லை முதலில் அப்புறப்படுத்திவிடலாம். கிரேக்கத்தில் குபெர்னேட்டஸ் என்றால் சுக்கான் பிடிப்பவன், நம் மீகாமன். அதிலிருந்து 1948-இல் நார்பர்ட் வீனர் சைபர்னெட்டிக்ஸ் என்ற துறைப்பெயரை வழங்கினார். அதன் தலையை மட்டும் நறுக்கி எடுத்ததுதான் சைபர் கிரைமில் உள்ள சைபர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒலியும் எழுத்தும் வேறு. நம் பகரம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. ஆய்தம் சேர்த்துச் சைஃபர் என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். ஆனால் வாயில் புழங்குவது சைபர்தான் என்பதால் இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இனி மற்ற இரண்டு. வடமொழியின் சூனியம், இந்திய எண்முறையோடு அரபு நாட்டுக்குப் போனபோது அங்குள்ள கணக்கர்கள் ஒலியைக் கடன் வாங்கவில்லை, பொருளைப் பெயர்த்தார்கள். வெறுமை, காலி என்று பொருள்படும் தங்கள் சொல்லான ஸிஃப்ர் என்பதையே அதற்கு இட்டார்கள். பைசா நகரத்து லியோனார்டோ ஃபிபோனாச்சி 1202-இல் எழுதிய கணக்கு நூலில் அது லத்தீன் உடுப்பு மாட்டிக்கொண்டு செஃபிரம் ஆயிற்று. அது இத்தாலிய வாயில் தேய்ந்து ஜீரோ. அதே அரபுச் சொல் இன்னொரு வழியாகச் சிஃப்ரா என்று லத்தீனில் நுழைந்து, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குச் சைபராக வந்தது. ஆக ஜீரோவும் சைபரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பிரெஞ்சில் ஷிஃப்ர், ஜெர்மனில் ஸிஃபர் என்றால் இன்று சுழியம் மட்டுமல்ல, எந்த இலக்கமும்தான். எழுத்துகளுக்குப் பதிலாக இலக்கங்களையும் குறிகளையும் இட்டு அரண்மனைக் கடிதங்களை எழுதும் பழக்கம் பரவியபோது, அந்த எழுத்து முறைக்கும் இலக்கத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது.

இரு பொருளும் ஒரே தாளில் ஒரே ஆளின் கையெழுத்தில் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. தாமஸ் ஜெஃபர்சன் (பாரிசில் அமெரிக்கத் தூதர், 1790 முதல் 1793 வரை வெளியுறவுச் செயலர், 1801 முதல் 1809 வரை குடியரசுத் தலைவர்) மறைவாக எழுதுவதற்கு ஒரு சக்கரக் கருவி வகுத்து, அதன் செய்முறையைக் குறித்து வைத்தார். 2 அங்குல விட்டமும் 6 அல்லது 8 அங்குல நீளமும் உள்ள வெள்ளை மர உருளை. நடுவில் இரும்பு அச்சு. உருளையை அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு கனத்தில் வில்லை வில்லையாக அறுக்க வேண்டும். 6 அங்குலத்துக்கு 36 வில்லைகள் வரும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் 26 எழுத்துகளை ஒழுங்கில்லாமல் கலைத்துப் பொறித்து, வில்லைகளுக்கு எண் இட்டு அச்சில் கோக்க வேண்டும். எழுதுபவர் வில்லைகளைத் திருப்பித் திருப்பிச் செய்தியை ஒரு வரிசையில் நிறுத்துவார். பிறகு உருளையின் வேறு எந்த வரிசையில் இருக்கும் உளறலையாவது படியெடுத்து அனுப்புவார். பெறுபவர் தம் உருளையில் அந்த உளறலை நிறுத்திச் சுற்றிலும் பார்த்தால், மற்ற வரிசைகளில் ஒன்றுதான் படிக்கும்படி இருக்கும். இரகசியம் வில்லைகளைக் கோக்கும் வரிசையில் இருக்கிறது. அது ஓரிடம் மாறினாலும் ஒவ்வொரு 36 எழுத்திலும் பிழை விழும்.

36 வில்லைகளை எத்தனை விதமாகக் கோக்கலாம் என்றும் ஜெஃபர்சன் கணக்கிட்டார். 372 எழுதி அதன்பின் 39 ‘சைபர்’ என்பது அவர் விடை. அங்கே சைபர் என்றால் சுழி. அதே தாளில் கருவியின் பெயர் சக்கரச் சைபர், அங்கே சைபர் என்றால் மறையெழுத்து. மொழிபெயர்ப்பவர் அகராதியைப் பார்த்து ஒரே சொல்லைப் போட்டுக்கொண்டு போனால் 372-க்குப் பின் 39 இரகசியக் குறிகள் என்று வந்து நிற்கும். ‘372-க்குப் பின் 39 சுழி’ என்பதுதான் தமிழ். இன்னொரு பொறியும் இருக்கிறது. அக்கால ஆங்கிலத்தில் ஓர் ஆளைச் சைபர் என்றால் பதவி உண்டு, செல்வாக்கு இல்லை என்று பொருள். அங்கே நம் சொல் ‘செல்லாக்காசு’.

சக்கரம் வழக்கத்துக்கு வரவில்லை. தாள்களுக்குள் கிடந்து 1922-இல்தான் கண்ணில் பட்டது. வேடிக்கை என்னவென்றால், அதை அறியாமலே அமெரிக்கத் தரைப்படை அதே ஆண்டில் 25 வில்லைகள் கொண்ட, அதே தத்துவத்தில் இயங்கும் கருவியை ஏற்றுக்கொண்டது.

அப்படியானால் அந்தக் குடியரசின் தொடக்க நாள்களில் உண்மையில் புழங்கியது எது? ஓர் அச்சிட்ட தாள். வெளிநாட்டு விவகாரச் செயலராக இருந்த ராபர்ட் லிவிங்ஸ்டன், 1780-களின் தொடக்கத்தில், ஒரு பக்கம் 1 முதல் 1700 வரை எண்களும் மறுபக்கம் அகரவரிசையில் சொற்களும் அசைகளும் அச்சான படிவங்களைத் தயாரித்தார். கடிதம் எழுதிக்கொள்ளப் போகும் இருவர் அந்தச் சொற்களுக்குத் தங்கள் விருப்பப்படி கலைத்து எண் கொடுத்து, எண் பக்கத்திலும் நிரப்பி, ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வார்கள். எழுதும்போது சொல் பக்கம், படிக்கும்போது எண் பக்கம். பட்டியலில் இல்லாத ஊர்ப்பெயரோ ஆள்பெயரோ வந்தால் அசை அசையாக, எழுத்து எழுத்தாக உடைக்க வேண்டும். ஜெஃபர்சன், அவருக்குப் பின் குடியரசுத் தலைவர்களான மாடிசன், மன்றோ மூவரும் இவ்வகைப் பட்டியல்களைக் கையாண்டவர்கள். பிரான்சிடமிருந்து லூயிசியானா நிலப்பரப்பை வாங்கிய பேச்சுவார்த்தையைப் பாரிசிலிருந்து அதே லிவிங்ஸ்டனும் (அப்போது அங்கே தூதர்) மன்றோவும் 1803-இல் தெரிவித்ததும் 1700 எண் பட்டியலில்தான். அவ்வாண்டு மன்றோவுக்குக் கொடுத்த பட்டியல் அதன்பின் பல பத்தாண்டுகள் வெளியுறவுத் துறையில் ஓடியது.

இதில் கெடுவது எங்கே? ஓர் இலக்கம் தவறினால் ஓர் எழுத்தல்ல, முழுச் சொல்லே வேறாகிவிடும். எண்களுக்கு நடுவே இடும் புள்ளி மங்கினால் இரண்டு எண்கள் ஒட்டிக்கொள்ளும். கடிதம் வந்து சேர்ந்து பட்டியல் வராமல் போனால் காத்திருக்க வேண்டியதுதான். எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை சோம்பல். முழுக் கடிதத்தையும் எண்ணாக்குவது பெரும்பாடு என்பதால், தெளிவான வாக்கியத்தின் நடுவே நாலைந்து சொற்களை மட்டும் எண்ணாக்குவார்கள். முன்னும் பின்னும் உள்ள சொற்களே உள்ளதைக் காட்டிக்கொடுக்கும்.

எண்ணை மீட்டும் சொல்லாக்க நேரம் பிடிக்கும். பாரிசுக்குச் சென்ற மூன்று தூதர்களின் முதல் கடிதக்கட்டு 1798 மார்ச் 4 இரவு அன்றைய தலைநகரான பிலடெல்பியாவுக்கு வந்தது. மறுநாளே குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் பேரவைக்கு எழுதினார். கடைசிக் கடிதம் தவிர மற்றவை படித்து முடிக்கச் சில நாள்கள் ஆகும் எழுத்தில் இருக்கின்றன என்பதே அச்செய்தி. அந்த முறைக்கு அவர் சைபர் என்று பெயர் சொல்லவில்லை, ‘ஒருவகை எழுத்து’ என்றே சொல்கிறார். மறையெழுத்து என்ற ஆக்கம் இந்த வழக்குக்கு நன்றாகவே பொருந்துகிறது.

தமிழ்ச் சொல்லைத் தேர்வதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அன்றைய அமெரிக்கர்கள் எல்லாவற்றையும் சைபர் என்றார்கள். இன்றைய துறை வழக்கில் எழுத்துக்கு எழுத்து மாற்றுவதோ எழுத்துகளை இடம் மாற்றுவதோதான் சைபர். சொல்லுக்குச் சொல் மாற்றினால் அது கோடு (வரையும் கோடு அல்ல, ஆங்கிலத்தின் ‘கோட்’). 1700 எண் பட்டியல், பெரும்பாலும் கோடு.

கோடுக்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாக்குகிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி. கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் அதுவே. ஒரு கூட்டத்தார் தமக்குள் சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொள்கிறார்கள், லிவிங்ஸ்டன் படிவம் செய்வதும் அதையே. ஆகவே அதைக் குழூஉக்குறிப் பட்டி என்றால் தகும், சுருக்கமாகக் குறிப்பட்டி. செய்தித்தாள்கள் எழுதும் ‘சங்கேத மொழி’ தவறில்லை. ஆனால் அது இரண்டையும் ஒரே கூடையில் போடுகிறது.

சைபருக்கு மறையெழுத்து. மறைமொழி என்று ஆக்கக் கூடாது, அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. குறள் 28 சொல்லும் மறைமொழி மந்திரம். கரந்துறை என்ற அழகான சொல்லும் சிலருக்குத் தோன்றலாம். சித்திரகவியில் வரும் கரந்துறைச் செய்யுள், ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருப்பது. பார்ப்பவனுக்கு அங்கே இரகசியம் இருப்பதே தெரியாது. மறையெழுத்தோ இரகசியம் இருக்கிறது என்பதை ஒளிப்பதில்லை, என்ன என்பதை மட்டும் ஒளிக்கிறது. இது வேறு கலை.

மறையெழுத்து எப்படி வேலை செய்கிறது என்பதற்கு, மெரிவெதர் லூயிஸ் அமெரிக்காவின் மேற்கே ஆய்வுப் பயணம் புறப்படுமுன் 1803-இல் ஜெஃபர்சன் வகுத்துக் கொடுத்த முறையைப் பார்க்கலாம். ஆங்கில எழுத்துகள் 26, ‘அண்ட்’ என்பதற்கான குறி 27-ஆவது. திறவுச்சொல் ஆர்ட்டிசோக் என்ற காய். மாதிரிச் செய்தி, மிசூரி ஆற்றின் தலைப்பில் இருக்கிறேன் என்பது. அதன் முதல் நான்கு எழுத்துகள் ஐ, ஏ, எம், ஏ. அவற்றின் வரிசை எண்கள் 9, 1, 13, 1. திறவுச்சொல்லின் முதல் நான்கு ஏ, ஆர், டி, ஐ. அவை 1, 18, 20, 9. மேலும் கீழும் கூட்டு: 10, 19, 33, 10. 27-ஐத் தாண்டினால் 27-ஐக் கழி, ஆக 33 என்பது 6. எழுத்தாக்கினால் ஜே, எஸ், எஃப், ஜே. செய்தியில் இருமுறை வந்த ஏ முதலில் எஸ் ஆகவும் பிறகு ஜே ஆகவும் மாறிவிட்டது. விடையில் இருமுறை வந்த ஜே ஒருமுறை ஐ, மறுமுறை ஏ. எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்த்து உடைக்கும் வித்தை இங்கே நேரே பலிக்காது. ஓர் எழுத்தைத் தவறாக எழுதினால் அது ஒன்றுதான் கெடும். ஓர் எழுத்தை விட்டுவிட்டாலோ, அதற்கு அப்பால் எல்லாமே திறவுச்சொல்லோடு அடி பிசகிக் குப்பையாகும்.

இடமாற்று வகைக்கு எடுத்துக்காட்டு பென்சில்வேனியாவின் கணிதப் பேராசிரியர் ராபர்ட் பேட்டர்சன் 1801 டிசம்பரில் ஜெஃபர்சனுக்கு அனுப்பியது. செய்தியை இடைவெளி விடாமல் மேலிருந்து கீழாகப் பத்தி பத்தியாக எழுது. கிடைக்கும் கிடைவரிகளை ஒன்பதுக்கு மேற்படாத கட்டுகளாகப் பிரி. திறவு 13, 34, 57, 65, 22, 78, 49 என்றால், ஒவ்வொரு கட்டிலும் முதலில் 1-ஆம் வரி, அதன் தொடக்கத்தில் பொருளற்ற 3 எழுத்து. அடுத்து 3-ஆம் வரி, 4 எழுத்து. அடுத்து 5-ஆம் வரி, 7 எழுத்து என்று படியெடு. கருவி வேண்டாம், அச்சிட்ட தாள் வேண்டாம், பேனா போதும். தம் சக்கரத்தைவிட இதுவே கையாள எளிது என்று ஜெஃபர்சனே ஒப்புக்கொண்டு, 1802 ஏப்ரலில் பாரிசில் இருந்த லிவிங்ஸ்டனுக்கு அனுப்பியும் வைத்தார். லிவிங்ஸ்டன் பழைய எண் பட்டியலை விடவில்லை. பேட்டர்சன் சவாலாக இட்ட மாதிரியை 2007-இல்தான் ஒருவர் கணினி வைத்து உடைத்தார். உள்ளே இருந்தது ஜெஃபர்சன் எழுதிய அமெரிக்க விடுதலைச் சாற்றுரையின் தொடக்கம்.

வரித் தொடக்கத்தில் திணிக்கும் அந்தப் பொருளற்ற எழுத்துக்கு வெற்றெழுத்து என்பது நல்ல சொல். ஸிஃப்ர் என்ற அரபுச் சொல்லின் நேர்ப்பொருளும் வெறுமைதானே. மறையெழுத்தாக மாற்றுவதை மறைத்தெழுதல் என்றும், திரும்பப் பிரிப்பதை மறைநீக்கல் என்றும், இருவருக்கு மட்டும் தெரிந்த சொல்லையோ எண்ணையோ திறவு என்றும் வைத்துக்கொண்டால் இக்கடிதங்களை மொழிபெயர்க்கப் போதும்.

இன்னும் ஒரு குறிப்பு. கடிதத்தைப் பெற்றவர்கள் எண்களுக்கு மேலேயே பேனாவால் சொல்லை எழுதி வைத்தார்கள். அச்சுப் பதிப்புகளில் அப்படி மறைநீக்கிய பகுதிகளைச் சாய்வெழுத்தில் காட்டுவது பதிப்பாசிரியர் மரபு. தமிழாக்குபவர் அதை அழுத்தத்துக்காகச் சாய்த்தது என்று எண்ணி நேரெழுத்தாக மாற்றிவிட்டால், எந்தச் சொல்லை ஒளிக்க எழுதியவர் பாடுபட்டாரோ அது மற்றச் சொற்களோடு கலந்து காணாமல் போய்விடும்.