ட்ஸுயிதாச்சி: ஒன்றாம் தேதிக்குள் ஒரு நிலா

ஜப்பானிய மொழியில் மாதத்தின் ஒன்றாம் தேதிக்குப் பெயர் 'ட்ஸுயிதாச்சி'. ஒன்றுக்கு 'இச்சி', நாளுக்கு 'நிச்சி' என்று படித்தவர்கள் 'இச்சிநிச்சி' என்றே சொல்லப் பார்ப்பார்கள். அப்படியும் ஒரு சொல் உண்டு, ஆனால் அதற்கு 'ஒரு நாள்' என்ற கால அளவுதான் பொருள். இரண்டையும் எழுதுவது ஒரே மாதிரி. இடம் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

'ட்ஸுகி' என்றால் நிலா, மாதமும் அதுவே. 'தாச்சி' என்பது எழுவது, தோன்றுவது. நிலவெழுச்சி என்ற பொருளுடைய 'ட்ஸுகிதாச்சி'யில் 'கி' தேய்ந்து 'யி' ஆகிவிட்டது. மாதக் கடைசி நாளுக்கு 'ட்ஸுகொமொரி', அதாவது நிலா ஒளிந்துகொள்வது, என்ற பழஞ்சொல்லும் இருக்கிறது. அமாவாசையில் மாதம் தொடங்கும் பழைய நாட்காட்டியை விட்டு 1873 ஜனவரி 1 அன்று ஜப்பான் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியதும், ஒன்றாம் தேதிக்கும் அமாவாசைக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

அடுத்த தேதிகளில் நிலா இல்லை. பழைய ஜப்பானிய எண்ணுடன் நாளைக் குறிக்கும் 'கா' சேரும். ஃபுட்ஸுகா, மிக்கா, யொக்கா, இட்ஸுகா, முயிகா, நானொகா, யோகா, கொகொனொகா, தோகா என்று பத்துவரை போகும். இவை தேதிக்கும் ஆகும், 'இரண்டு நாள்', 'மூன்று நாள்' என்ற கணக்குக்கும் ஆகும். நான்கு யொக்கா, எட்டு யோகா. பலரும் தடுமாறும் இடம் இது. குறிலும் நெடிலும் பழகிய தமிழ்க் காதுக்கு இது அவ்வளவு கடினமில்லை. ஆனால் எட்டின் 'கா'வை யோகாசனத்தில் வருவதுபோல் மெலிக்காமல், 'காடு' என்பதில் வருவதுபோல் வலித்துச் சொல்ல வேண்டும்.

பதினொன்றிலிருந்து எண்ணோடு 'நிச்சி' சேர்த்தால் போதும். 14, 24 இரண்டும் யொக்காவில் முடியும். 20 மட்டும் 'ஹாட்ஸுகா'.

சரி, ட்ஸுயிதாச்சிக்குத் தமிழில் என்ன சொல்வது? வேர்ப்பொருளுக்கு மிக அருகில் வருவது தமிழ் முஸ்லிம்கள் வழங்கும் 'தலைப்பிறை'. ஆனாலும் அது கண்ணால் பார்க்கும் பிறை. பழைய ஜப்பானிய நாட்காட்டியில் முதல் நாள் கணித்து வகுத்த அமாவாசை நாள். மொழிபெயர்ப்பில் 'ஒன்றாம் தேதி'தான் பொருத்தம் என்பேன். 'தேதி' என்பதே நிலவின் நாளைக் குறிக்கும் 'திதி'யிலிருந்து வந்த சொல். வடசொல் வேண்டாம் என்றால் 'முதல் நாள்' என்று எழுதலாம். அப்போது எந்த மாதம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும், இல்லாவிட்டால் 'முந்தைய நாள்' என்று படித்துவிடுவார்கள்.